ஷாகுல் பாய் சொன்ன படத்தில் நான் நாஜி

எங்கள் கேரம் மன்றத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் வெளிநாட்டுப் படம் போடுவார்கள். படத்தில் எவன் கெட்டவனாக வந்தாலும் அவனுக்குக் கோதண்டம் என்று பெயர் வைப்பது ஷாகுல் ஹமீதின் வழக்கம். கோதண்டம் நான்தான். வடசென்னையில், டோல்கேட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில், கீழே என் ஜெராக்ஸ் கடை, மேலே மன்றம். அங்கே அம்பயராக இருக்கிறேன். ஆட்டத்தின் நடுவில் வாயைத் திறந்தால் ஃபவுல் கொடுப்பேன். முழங்கை பலகைக்குள் வந்தால் ஃபவுல் கொடுப்பேன். விதி என்றால் விதிதானே? இதற்காக என்னைக் கொள்ளைக்காரன், கடத்தல்காரன், கிட்னி திருடும் டாக்டர், ஒரு தடவை சுறாமீன் என்று வரிசையாக ஆக்கிப் பார்த்தார். போன மாதம் நாஜி அதிகாரியாகவும் ஆக்கினார். அந்தக் கதையைச் சொல்வதற்கு முன்னால் இந்த மனிதர் யாரென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நம்ப மாட்டீர்கள்.

வண்ணாரப்பேட்டையில் பிறந்தவர். ஐம்பதைத் தாண்டிய வயது, மருதாணி போட்ட தாடி, எதற்கும் ஒரு சிரிப்பு. 'மதீனா சவுண்ட்ஸ்' என்று மைக் செட் கடை வைத்திருக்கிறார். மைக் செட்டை வாடகைக்கு எடுத்தால் அவரும் கூடவே வந்துவிடுவார், வேண்டாமென்றாலும் வருவார். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினால் அவர் குரல். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்கும் அவர் குரல். ராயபுரத்தில் மாதா தேர் வந்தாலும் அவர்தான். மூன்றுக்கும் ஒரே உற்சாகம், பல சமயம் ஒரே வாக்கியம்.

திருவிழாக் கூட்டத்தில் ஒரு பிள்ளை காணாமல் போனால் மற்றவர்கள் என்ன சொல்வார்கள்? நாலு வயது, பச்சைச் சட்டை, வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்பார்கள். ஷாகுல் பாய்க்கு அது போதாது. "கன்னத்துல குழி கீது. ராஜா வூட்டுப் புள்ள மாரி கீறான். அழுதுகினுதான் கீறான், ஆனா அந்த அழுகைலயும் ஒரு களை கீது" என்று ஆரம்பித்துவிடுவார். தங்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்திருக்கும் பெண்கள்கூட அந்தப் பையனைப் பார்க்க ஓடி வருவார்கள். பெற்றவள் கூட்டத்துக்குள் புகுந்து பிள்ளையை மீட்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும். அவர் மனைவி தஸ்னீம் வீட்டில் அவரிடம் கேள்வியே கேட்பதில்லை. "இன்னா கொழம்பு வெக்கட்டும்னு கேட்டா, கப்பல்ல வெச்ச கொழம்புல இருந்து ஆரம்பிப்பாரு" என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

கப்பல் என்றது உண்மைதான். இளவயதில் சரக்குக் கப்பலின் சமையல்கட்டில் எட்டு வருஷம் வேலை பார்த்தவர். வெங்காயம் உரித்துக்கொண்டே உலகத்தைச் சுற்றினேன், ஒரு ஊரையும் கண்ணீர் இல்லாமல் பார்த்ததில்லை என்பார். கப்பலின் சாப்பாட்டு அறையில் ஒரு டிவி இருந்ததாம். அதில் ஓடுவதெல்லாம் எந்தெந்த நாட்டுப் படமோ, கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடும். நம்மூர்ப் பையன்களுக்கு அந்த வேகத்தில் படிக்க வராது. பாய்தான் படித்துச் சொல்வாராம். படித்ததோடு நிற்காமல் இவரும் கொஞ்சம் சேர்த்துச் சொல்வார் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் சுருக்கமாகச் சொல்லும் கதை ஒன்றே ஒன்றுதான். அதுவும் கப்பல் கதை. "தூத்துக்குடி தோஸ்து ஒர்த்தன் இருந்தான். சண்ட போட்டுகினோம். அடுத்த ஊர்ல எறங்கிப் போய்ட்டான். இப்ப எங்க கீறான்னே தெரியாது." அவ்வளவுதான். என்ன சண்டை என்று கேட்டால், "அதான் பேஜாரு, எதுக்குன்னே ஞாபகம் இல்ல நைனா" என்று எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்.

மன்றத்தில் படம் சொல்லும் பழக்கம் இப்படி வந்ததுதான். தமிழ்ப் படத்தையெல்லாம் பையன்கள் போனிலேயே பார்த்துத் தீர்த்துவிடுகிறார்கள். பாய் ஒரு புரொஜெக்டரும் வெள்ளைத் துணியும் கொண்டுவந்து, தமிழில் வராத படங்களாகப் பார்த்துப் போட ஆரம்பித்தார். கையில் மைக். திரையில் ஓடுவதை அப்படியே நம்ம பாஷையில் சொல்லிக்கொண்டு போவார். முதல் படத்தில் ஒரு கதாநாயகன் பெயரைச் சொல்லிச் சொல்லி அவருக்கே நாக்கு சுளுக்கியது. காசிமேட்டில் மீன் விற்கும் குணசுந்தரி, ஞாயிறு வியாபாரம் முடிந்த கையோடு கூடையைக் கீழே என் கடை வாசலில் வைத்துவிட்டு மேலே வருகிறவர், அன்றைக்கே கடுப்பாகிவிட்டார். "இந்தப் பேருங்க எதுவும் வாய்ல நிக்காது பாய். நம்ம ஆளுங்க பேரா வெச்சுச் சொல்லு" என்றார். அன்றிலிருந்து உலகத்தில் எந்த நாட்டில் எந்தப் படம் எடுத்தாலும் அதில் எங்கள் மன்றத்து ஆட்கள்தான் நடிக்கிறார்கள். தன் பெயர் நல்ல பாத்திரத்துக்கு வரவேண்டும் என்று சிலர் பாய்க்கு முதல் நாளே டீ வாங்கிக் கொடுப்பதும் உண்டு. நான் வாங்கிக் கொடுத்ததில்லை, அதன் பலனைத்தான் மேலே சொன்னேன்.

இப்போது பொன்ராஜும் தப்ரேஸும். இருவருக்கும் முப்பதுக்குப் பக்கத்தில் வயது. ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், பிறகு எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஒன்றாக வேலை. சாயங்காலம் ஒரே பைக்கில் மன்றத்துக்கு வருவார்கள். கேரம் டபுள்ஸில் இந்தப் பக்கம் இவர்களை ஜெயிக்க ஆள் கிடையாது.

கேரம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். டபுள்ஸில் கூட்டாளி உங்கள் பக்கத்தில் உட்கார மாட்டான், நேர் எதிரே உட்காருவான். பக்கத்தில் இரண்டு கையும் இடிக்கிற மாதிரி உட்கார்ந்திருப்பவர்கள்தான் எதிராளிகள். கூட்டாளிகள் இருவரும் ஆட்டம் முடியும்வரை ஒரு வார்த்தை பேசிக்கொள்ளக் கூடாது, சைகையும் காட்டக் கூடாது. அவன் எதை நினைத்து அந்தக் காயை அங்கே நிறுத்தினான் என்று இவன் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். பொன்ராஜுக்கும் தப்ரேஸுக்கும் அது தண்ணீர் குடிப்பது போல வந்தது. ஷாகுல் பாய் மைக்கைப் பிடித்து அவர்கள் ஆட்டத்துக்கு வர்ணனை சொல்லும்போது, பெற்ற பிள்ளைகளைப் பற்றிச் சொல்வது போலத்தான் இருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் யார்டில் ஒரு கூத்து நடந்தது. சாப்பாட்டு நேரத்தில் தப்ரேஸ், லைசென்ஸ் இல்லாமல் ஃபோர்க் லிஃப்ட் வண்டியை எடுத்து விளையாட்டுக்கு ஓட்டி, மேனேஜரின் புதுக் காரை அதன் டிக்கி முன்சீட்டைப் பார்க்கும் அளவுக்கு இடித்துவிட்டான். யாரும் பார்க்கவில்லை, பொன்ராஜைத் தவிர. மேனேஜர் எல்லோரையும் வரிசையில் நிறுத்திக் கேட்டார். பொன்ராஜ் தப்ரேஸின் பெயரைச் சொல்லிவிட்டான். அன்று மாலையே தப்ரேஸுக்கு வேலை போயிற்று. அவன் இப்போது காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றும் மினி வேன் ஓட்டுகிறான், முன்பைவிட நன்றாகவே இருக்கிறான். ஆனால் பொன்ராஜ் மன்றத்துப் படியே ஏறுவதில்லை. தப்ரேஸ் தினமும் வருவான், தனியாட்டம் ஆடிவிட்டுப் போவான். டபுள்ஸுக்கு யார் கூப்பிட்டாலும் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிடுவான். பொன்ராஜ் பெயரை யாராவது எடுத்தால் ஸ்ட்ரைக்கரைப் பலகையில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவான்.

இது ஷாகுல் பாயை அரித்தது. அவர் என்னிடம் பலமுறை சொன்னார். "ரெண்டு பேரும் ஒரே போர்டுல மறுபடி குந்தணும் நைனா. அத்தப் பாக்காம நான் மூலக்கொத்தளம் போக மாட்டேன்."

"அது உங்க ஆளுங்களப் பொதைக்கிற இடம் இல்லையே பாய்."

"சொல்ல வந்தத வுட்டுட்டு மத்தத எல்லாம் புடிச்சுக்கோ. ஃபவுல் குடுக்கற புத்தி எங்க போவும்?"

சரி, அதற்கு அவர் போட்ட திட்டத்தைக் கேளுங்கள். எங்கிருந்தோ ஒரு படத்தைப் பிடித்தார். போஸ்டரில் மூன்று இளசுகள் ஒரே சைக்கிளில் தொற்றிக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கிறார்கள், பின்னால் கடல். நட்பைப் பற்றிய படம் என்று முடிவு கட்டிவிட்டார். அதில் வரும் இரண்டு பையன்களுக்கும் பொன்ராஜ், தப்ரேஸ் என்று பெயர் வைப்பது, இருவரையும் எப்படியாவது அறைக்குள் கொண்டுவருவது, படம் முடியும்போது இருவரும் கண்கலங்கிக் கட்டிப்பிடித்துக்கொள்வது. இதுதான் திட்டம். படத்தை முன்கூட்டியே ஒரு தடவை பார்த்துவிடக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். அது அவர் கொள்கைக்கு விரோதம். "நானே பாத்துட்டா எனக்கு இன்னா இன்ட்ரஸ்டு இருக்கும்? எனக்கே இல்லாதது உங்களுக்கு எப்டி வரும்?" என்பார்.

பொன்ராஜை வரவழைக்க, புரொஜெக்டர் புகைகிறது, நீ வந்து பார்த்தால்தான் ஆச்சு என்று போன் செய்தார். மின்சார வேலை தெரிந்த பையன், பாய் மேல் மரியாதை, ஸ்க்ரூ டிரைவரோடு ஓடி வந்தான். வந்து பார்த்தால் புரொஜெக்டர் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கிறது, ஜன்னல்களுக்கெல்லாம் தார்ப்பாய் கட்டி இருட்டாக்கியிருக்கிறது, முன்வரிசையில் தப்ரேஸ். பொன்ராஜ் வந்த வழியே திரும்பிப் போகப் பார்த்தான். பாய் மைக்கிலேயே, "வந்தவன் ஒக்காராம போனா படம் ஓடாது" என்று அறிவித்துவிட்டார். போவதற்கும் கூச்சம், உட்காருவதற்கும் கூச்சம். செருப்புகள் கிடந்த வாசலோரமாகச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டான். தப்ரேஸ் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஆனால் அவன் காது சிவந்தது திரை வெளிச்சத்தில் எனக்குத் தெரிந்தது, நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

படம் ஆரம்பித்தது. ஐரோப்பாவில் ஏதோ ஒரு துறைமுக ஊர். கிரேன், படகு, புகைபோக்கி.

"பாத்தீங்களா, நம்ம எண்ணூர் மாரியே கீது" என்றார் பாய். "தோ, ரொட்டிக் கடைப் பையன் வரான். அவன்தான் பொன்ராஜு. படகுல டிக்கெட் கிழிக்கிறான் பாரு, ஒசரமா, அவன் தப்ரேஸு. ரெண்டும் உயிருக்குயிரான தோஸ்துங்க!"

அறையில் சலசலப்பு எழுந்து அடங்கியது. எல்லோருக்கும் திட்டம் புரிந்துவிட்டது. அந்த ரகசியம் அவ்வளவுதான் தாங்கியது.

"பொண்ணு?" என்றார் குணசுந்தரி.

"குணசுந்தரி. வேற யாரு?"

குணசுந்தரி திருப்தியாகச் சுண்டலை வாயில் போட்டுக்கொண்டார். அரை மணி நேரம் படம் போனதே தெரியவில்லை. சைக்கிள் ஓட்டுகிறார்கள், கடலில் குதிக்கிறார்கள், ரொட்டியைத் திருடித் தின்கிறார்கள். பாய் ஒவ்வொன்றுக்கும் மூன்று பங்கு சேர்த்துச் சொன்னார். நடுநடுவே, "இப்டிதான் இர்க்கணும் தோஸ்துன்னா" என்று வாசல் பக்கம் ஒரு பார்வை, முன்வரிசைப் பக்கம் ஒரு பார்வை.

பிறகு ஊருக்குள் லாரி லாரியாக ஹிட்லரின் படை வந்து இறங்கியது. சிவப்புக் கொடி, பூட்ஸ் சத்தம். கறுப்புக் கையுறையோடு ஒரு அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கினான். யார் பெயர் வரப்போகிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"வந்துட்டான்யா கோதண்டம்" என்றார் பாய்.

எல்லோரும் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். நான் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டேன். இதற்குமேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்?

ஆனால் சீக்கிரமே கைதட்டல் நின்றது. ஊரில் ஒரு யூதக் குடும்பத்தைத் தெருவில் இழுத்துக்கொண்டு போனார்கள். வயதானவர் ஒருவர் கையில் பறவைக் கூண்டோடு லாரியில் ஏறினார். பாய் அதற்கு ஒன்றும் சேர்க்கவில்லை. மூன்று நண்பர்களும் அதைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து ரொட்டிக்குள் துண்டுச் சீட்டு வைத்து ஊரெல்லாம் செய்தி அனுப்ப ஆரம்பித்தார்கள். யாரை எங்கே ஒளித்து வைப்பது, எந்தப் படகில் தப்பிக்க வைப்பது என்பதெல்லாம் ரொட்டிக்குள் போயிற்று. எங்கள் ஆட்கள் மூச்சு விடாமல் பார்த்தார்கள். ராணுவக்காரன் ஒருவன் சீட்டு இருந்த ரொட்டியை எடுத்து முகர்ந்தபோது, படகு மெக்கானிக் இக்னேஷியஸ் என் தொடையைக் கிள்ளிவிட்டான்.

ஒருநாள் ரொட்டிக் கடைப் பையன் பிடிபட்டான். அவனை ஒரு அறையில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எதிரே கையுறைக்காரன், அதாவது நான். யாரோடு சேர்ந்து செய்தாய் என்று கேட்கிறான். பையன் சொல்லவில்லை. அடித்தார்கள். சொல்லவில்லை. பாயின் குரலில் பெருமை ஏறியது. "அடிச்சாலும் சொல்ல மாட்டான்! எங்க பொன்ராஜு உயிரே போனாலும்..."

திரையில் அந்தப் பையன் உதட்டில் ரத்தத்தோடு தலையைத் தூக்கினான். "எமில்" என்றான்.

பாய் நின்றுவிட்டார். மைக்கில் அவர் மூச்சு மட்டும் கேட்டது.

படத்தில் அதுவரை எமில் எமில் என்று அந்தப் படகுப் பையனை ஆயிரம் தடவை கூப்பிட்டிருந்தார்கள். எங்களுக்கு அந்த ஊர் பாஷையில் தெரிந்த ஒரே வார்த்தை அதுதான்.

"பாய், எமிலுன்னான். எமிலு நம்ம தப்ரேஸ்தானே?" என்றான் இக்னேஷியஸ்.

"அது... அது வேற. அவங்க பாஷைல எமிலுன்னா தண்ணி. பையன் தண்ணி கேக்கறான். அடி வாங்கினா நாக்கு வறண்டுபோவும் இல்ல?"

திரையில் அதிகாரி எழுந்தான். வீரர்கள் நான்கு பேர் வெளியே ஓடினார்கள்.

"தண்ணி எட்த்தாரப் போறாங்க" என்றார் பாய்.

"தண்ணி எட்த்தாரப் போறவன் எதுக்குத் துப்பாக்கி எட்த்துகினு போறான்?" என்றார் குணசுந்தரி.

"அந்த ஊர்ல தண்ணிக் கஷ்டம்மா. கொழாய்ல சண்ட."

யாரோ சிரித்தார்கள். வீரர்கள் நேராகப் படகுத் துறைக்குப் போய் எமிலைப் பிடித்தார்கள். அவன் அம்மா தெருவில் விழுந்து கதறினாள். பாய்க்கு வியர்த்துக் கொட்டியது. "அதாவது... கோதண்டத்துக்கு முன்னாடியே தெரியும். இவன் ஒன்னும் சொல்லல. கோதண்டம்தான் எப்டியோ மோப்பம் புட்ச்சிட்டான். கோதண்டம் அந்த மாரி ஆளு, உங்களுக்குத் தெரியாததா?"

அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யோவ் பாய், பீலா வுடறதுக்கும் ஒரு அளவு இல்லையா? படத்துல எவனோ பண்ணதுக்கு நான் இன்னாய்யா பண்ணேன்?" என்று எழுந்துவிட்டேன்.

அப்போது வாசலிலிருந்து பொன்ராஜ் பேசினான். சத்தமாகப் பேசவில்லை.

"பாய், நிறுத்து. அவன் தண்ணி கேக்கல. பேரச் சொல்லிட்டான். பொன்ராஜுதான் சொன்னான்."

படம் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் திரையைப் பார்க்கவில்லை. ஷாகுல் பாய் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, திருடன் போல நின்றார். அவர் ஆசைப்பட்டது என்ன, நடந்தது என்ன. இருவரையும் சேர்த்து வைக்கப் போய், ஊர் நடுவில் பொன்ராஜை நிற்க வைத்துவிட்டார். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது, என் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. பொன்ராஜ் செருப்பைத் தேட ஆரம்பித்தான்.

தப்ரேஸ் திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"மாமு, படத்த ஒழுங்கா சொல்லு. அந்த எமிலு உயிரோட திரும்பி வரானா இல்லியான்னு எனக்குத் தெரியணும்."

பாய் தொண்டையைச் செருமிக்கொண்டார். செருப்பைத் தேடிய பொன்ராஜ் ஒரு செருப்போடு நின்றுவிட்டான்.

அதற்குப் பிறகு ஷாகுல் ஹமீது படம் சொன்ன மாதிரி நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. கீழே எழுத்தில் என்ன வந்ததோ அதை மட்டும் சொன்னார். பெயர்கூட வைக்கவில்லை. "முகாமுக்கு அனுப்பிட்டாங்க." "பனி." "ரொட்டிக் கடப் பையன வுட்டுட்டாங்க. அவன் யார் கூடவும் பேசறதில்ல." "அந்தப் பொண்ணு படகுல ஆளுங்கள ஏத்தி அனுப்பறா." "சண்ட முடிஞ்சுது." குணசுந்தரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு ரயில் வந்து நின்றது. அதிலிருந்து எமில் இறங்கினான். அவன் கோட்டுக்குள் இன்னொருவன் நுழையலாம், அப்படி இளைத்திருந்தான்.

"வந்துட்டான்" என்றார் பாய். அந்த ஒரு வார்த்தையில் அவர் குரல் உடைந்தது. அறை முழுக்க ஒரு மூச்சு வெளியே போயிற்று.

எமில் நேராக ரொட்டிக் கடைக்குப் போனான். உள்ளே மாவு பூசிய மேஜை. அந்தப் பையன் இவனைப் பார்த்து வெளுத்துப்போய் நின்றான். பிறகு ஒரு ரொட்டியைக் கொண்டுவந்து மேஜை நடுவில் வைத்தான். எமில் உட்கார்ந்தான். இவனும் எதிரே உட்கார்ந்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அது பாட்டுக்கு நீண்டுகொண்டே போயிற்று.

"இன்னா பாய் பேசிக்கிறாங்க?" என்றார் குணசுந்தரி.

"ஒன்னும் பேசல."

"கீழ எழுத்து வர்லியா?"

"வர்ல."

"மொறச்சுக்கறானுங்க" என்றான் இக்னேஷியஸ். "இப்ப பாரு, எழுந்து ஒரே அடி."

"டேய் இக்கு, கண்ணு தெரியலியா உனக்கு?" என்றான் தப்ரேஸ். "எதிர எதிர குந்திகீறானுங்க. நடுவுல பலகை கீது. பேசிக்கல. டபுள்ஸுடா அது."

அந்தப் படத்தை எடுத்தவர் எந்த ஊரோ, எதை நினைத்து எடுத்தாரோ. இதைக் கேட்டால் என்ன சொல்வாரோ எனக்குத் தெரியாது. ஆனால் தப்ரேஸ் சொன்னதும் அறையே ஆமாம் ஆமாம் என்றது. டபுள்ஸ் ஆடுகிற எவனும் எதிரே உட்காருகிறவனை எதிரி என்று சொல்ல மாட்டான். படம் அதோடு முடிந்து வெறும் பெயர்களாக ஓட ஆரம்பித்தது.

தார்ப்பாய்களை அவிழ்த்தோம். சாயங்கால வெயில் உள்ளே வந்தது, கடல் பக்கத்துக் காற்றும் வந்தது. யாரும் கலையவில்லை. தப்ரேஸ் எழுந்து மூலையில் சாத்தியிருந்த பலகையை இழுத்து ஸ்டாண்டில் வைத்தான். போரிக் பவுடரைத் தூவினான். காய்களை அடுக்கிவிட்டு ஒரு பக்கத்தில் உட்கார்ந்தான். ஷாகுல் பாய் மைக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் அவனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தார். அவருக்கு ஆடவே வராது. காய் குழியில் விழுவதைவிடத் தரையில் விழுவதுதான் அதிகம். இக்னேஷியஸை இழுத்துத் தனக்கு எதிரே உட்கார வைத்தார். தப்ரேஸுக்கு எதிரே நாற்காலி காலியாக இருந்தது.

யாரும் யாரையும் கூப்பிடவில்லை. பொன்ராஜ் இன்னும் அந்த ஒற்றைச் செருப்போடு வாசலில் நின்றான். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள், ஜன்னலைப் பார்த்தார்கள். எனக்குத்தான் பொறுமை கிடையாதே.

"நாலு பேரு இல்லாம டபுள்ஸ் ஆரம்பிக்க முடியாது. ரூலு. ஆள் வந்தா வரட்டும், இல்லன்னா போர்ட எடுத்து வை" என்று யாரையும் பார்க்காமல் கத்தினேன்.

பொன்ராஜ் செருப்பைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

முதலில் அவன் சுலபமான காயைக்கூட விட்டான். தப்ரேஸ் முகத்தை மாற்றிக்கொள்ளாமல் ஒரு காயை அவன் பக்கத்துக் குழி வாயில் கொண்டுபோய் நிறுத்தினான். அதைப் பொன்ராஜ் போட்டான். அடுத்ததையும் போட்டான். அவர்களுடைய பழைய ஆட்டம் இந்த இரண்டு வருஷம் எங்கேயும் போகவில்லை, அந்தப் பலகைக்கு அடியிலேயே கிடந்திருக்கிறது. ஷாகுல் பாயோ தன் ஆட்டம் வரும்போதெல்லாம் ஸ்ட்ரைக்கரை எங்கேயோ விட்டுவிட்டு அழுதுகொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துத் துடைத்து தாடியெல்லாம் பவுடர். சிவப்பு மருதாணித் தாடி பாதி வெள்ளையாகிவிட்டது. குணசுந்தரி, "பாய்க்கு ஒரே நாள்ல வயசாயிடுச்சு" என்று சிரித்தார்.

கடைசியில் அவர்கள் போட வேண்டியது ரெட் காயும், அதற்குத் துணையாக இன்னொன்றும்தான். பொன்ராஜ் முறை. அவன் ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்தான். அடிக்கவில்லை. குனிந்த தலையோடு, பலகையைப் பார்த்துச் சொன்னான்.

"அந்தப் பையன அடிச்சாங்கடா. என்ன யாருமே அடிக்கல. அந்தாளு சும்மா ஒரு வாட்டிதான் கேட்டான். நான் சொல்லிட்டேன்."

தப்ரேஸ் விரலில் ஒட்டிய பவுடரைத் தட்டிவிட்டான்.

"வண்டிய இடிச்சது நான்தானே? ஒன்ன கேட்டதுக்கு என் பேரு ஒன்னுதான் சொன்ன. என்ன கேட்டிருந்தா உன் பேரு, உங்கப்பன் பேரு, பைக் நம்பரு எல்லாம் சேத்துச் சொல்லிருப்பேன். அதுக்குப் போயி ரெண்டு வருசம் வராம இருந்தியே, பேமானி. அடி."

இக்னேஷியஸ் துள்ளி எழுந்தான். எதிராளி ஃபவுல் செய்தால் அவனுக்குச் சொந்த அப்பனும் கிடையாது. "அண்ணே! பேசிக்கிறானுங்க! கேட்டீங்க இல்ல? ஃபவுலு குடுங்க!"

அறை முழுவதும் என்னைப் பார்த்தது. இத்தனை வருஷத்தில் ஒரு முனகலைக்கூட நான் விட்டதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். ஷாகுல் பாய் என்னையே பார்த்தார். ஓயாத அந்த வாய் இறுக மூடியிருந்தது, பவுடர் தாடி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒன்னும் கேக்கல" என்றேன். "ஆட்டத்த ஆடுங்கடா."